மூன்றாம் வளைவில் நின்ற ஜீப்

கொழுஞ்சூர் ராஜா மணிமார்பருக்கு யானை சலித்துப்போனது, குதிரையும் சலித்துப்போனது. ஒருநாள் அரண்மனை வாசலில் யானை உயரத்துக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. வாங்கி வந்தவர் மந்திரி பூவராகர். லேசுப்பட்ட ஜீப் இல்லையாம், சூப்பர்சார்ஜர் வைத்ததாம். மற்ற இன்ஜின்கள் பாவம் தாமாக மூச்சு இழுக்கும். இதில் ஓர் ஊதி பெல்ட்டில் சுழன்று, காற்றைப் பிடித்து உள்ளே திணிக்குமாம். அதனால் பலம் இரண்டு மடங்காம். குறை என்று ஒன்று இதில் கிடையவே கிடையாது என்று மந்திரி சபை நடுவே சத்தியம் செய்தார்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வண்டியில் குறை சொல்கிறவர் யாரானாலும் மாட்டுக்குப் பதிலாக நுகத்தடியில் பூட்டப்படுவார் என்று அன்றைக்கே தண்டோரா போட்டுவிட்டார்.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை லாயக்காரர் செவத்தையாவின் தலையில் விழுந்தது. அவரும் குறை சொல்லாமல் கெஞ்சித்தான் பார்த்தார். காலையில் இன்ஜின் கொஞ்சம் சூடாகட்டும், எடுத்த எடுப்பில் மிதிக்காதீர்கள் என்றார். ஏற்றம் ஏறி வந்ததும் உடனே அணைக்காமல் ஆறவிடுங்கள் என்றார். திணிக்கிற காற்று கொதிக்கும், அதை ஆற்றுகிற தண்ணீர் பம்ப் ஓடுகிறதா பார்க்கவேண்டும், பெல்ட்டையும் ஒருமுறை மாற்றிவிடலாம் என்றார். ராஜா கேட்டால்தானே? கொட்டகையிலிருந்தே ஆக்சிலரேட்டரை அமுக்கிக்கொண்டு பறந்தார். கடைசியில் மகாராணி குளிக்கும் கல்தொட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் கோடை மாளிகைக்குக் கிளம்பினார். மூன்றாம் வளைவில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது, படாரென்று பெல்ட் அறுந்தது. ஜீப் அங்கேயே படுத்துவிட்டது.

குறையே இல்லாத வண்டி நின்றுபோனால் தப்பு பார்த்துக்கொண்டவனுடையதுதான் என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை செவத்தையாவை நுகத்தடியில் பூட்டி, ஜீப்பைத் தொட்டியோடு உச்சி வரைக்கும் இழுக்கவைக்கவேண்டுமாம். செவத்தையா காற்றடித்தால் ஒதுங்கி நிற்கிற உடம்பு. பத்தடி இழுத்தால் ஆள் மிஞ்சமாட்டார்.

அவர் மனைவி அழுதுகொண்டே ஓடிய இடம் அரியநாச்சியின் வீடு. சபையில் சிரிக்கவைத்துச் சம்பளம் வாங்குகிறவள் அரியநாச்சி. அன்றைக்கு அவளுக்கே சிரிப்பு வரவில்லை. போய் நியாயம் கேட்கலாம்தான். கேட்டால் நுகத்தடியின் இன்னொரு பக்கத்தில் அவளைப் பூட்டுவார்கள். அவள் சொல்லக்கூடாததை ராஜாவின் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். யோசித்தாள். மறுநாள் காலையில் அரண்மனைக்குப் போய், வியாழக்கிழமை தன் வீட்டு விருந்துக்கு ராஜா சபையோடு வரவேண்டும் என்று அழைத்துவிட்டு வந்தாள்.

விருந்துக்கு வந்தவர் 'போதும்' என்று சொன்னால் அது காதில் விழக்கூடாது என்பது நம்மூர் வழக்கம். அந்த வழக்கத்தை அரியநாச்சி அன்றைக்கு அரைகுறையாக விடவில்லை. ராஜாவின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்களைக் கரண்டியோடு நிறுத்தினாள். ராஜா இலைமேல் கையைக் குறுக்கே வைத்தால் விரலிடுக்கில் நெய் ஊற்றினார்கள். தலையை ஆட்டினால் இன்னொரு போளி விழுந்தது. மூச்சு விட வாயைத் திறந்தபோது லட்டு உள்ளே போனது. தண்ணீர் மட்டும் வரவே இல்லை.

இலையை மடித்த கையோடு அரியநாச்சி ஒரு லட்டுக்கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். மலைக்கோயிலுக்கு வேண்டுதல், நாட்டிலேயே பலசாலி ஒருவர் இதை ஓடியே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், யாரைக் கேட்பதென்று தெரியவில்லை என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். ராஜா மந்திரியைப் பார்த்தார்.

"மகாராஜாவுக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்றார் பூவராகர். "அந்த உடம்பைப் பார்த்துக்கொள்வது நானல்லவா? ஒரு குறை கிடையாது."

அரியநாச்சிக்கு அதுதானே வேண்டியிருந்தது. ராஜா கூடையைத் தூக்கிக்கொண்டு எடுத்த எடுப்பில் ஓடினார். சபை பின்னால் ஓடியது. எல்லோருக்கும் கடைசியில் ஒரு கைவண்டியும் வந்தது. அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

முதல் வளைவில் ராஜாவுக்கு முகம் சிவந்தது. இரண்டாவதில் தலையிலிருந்து ஆவி வந்ததாகப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். மூன்றாம் வளைவில், படுத்துக்கிடந்த ஜீப்புக்குப் பக்கத்திலேயே, படாரென்று ராஜாவின் இடுப்புப் பட்டை அறுந்தது. ராஜா உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணீர்" என்றார்.

"தண்ணீர் எதற்கு மகாராஜா?" என்றாள் அரியநாச்சி. "இரண்டு மடங்கு பலத்துக்குத்தான் உள்ளே போட்டிருக்கிறோமே."

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூச்சுவிடாமல் திணித்துவிட்டு, சொட்டுத் தண்ணீர் காட்டாமல், சுமையும் ஏற்றி மலையில் ஓடு என்றால் எதுதான் ஓடும்? கொஞ்சமாவது ஆறவிடவேண்டாமா?"

சொல்லிவிட்டுப் பக்கத்தில் திரும்பினார். ஜீப் இருந்தது. அதற்கு அந்தப்பக்கம், நாளைக்குத் தன்னைப் பூட்டப்போகிற நுகத்தடியைத் துடைத்துக்கொண்டு செவத்தையா நின்றார். ராஜா ஜீப்பைப் பார்த்தார், செவத்தையாவைப் பார்த்தார், அறுந்த பட்டையைப் பார்த்தார்.

அரியநாச்சி பணிவாகக் கேட்டாள். "குறையில்லாதது நின்றுபோனால், பார்த்துக்கொண்டவர்தான் இழுக்கவேண்டும் என்பது மகாராஜாவின் தீர்ப்பு. மகாராஜா நின்றுபோனார். மகாராஜாவைப் பார்த்துக்கொள்வது யார்?"

சபை மொத்தமும் மந்திரி பக்கம் திரும்பியது.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். வயிறு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தார். விரலில் இருந்த மோதிரத்தை இழுத்துப் பார்த்தார். விருந்தில் வீங்கிய விரல் அதை விடவில்லை. வீக்கம் வடிந்ததும் உனக்குத்தான் என்று அரியநாச்சியிடம் சொன்னார். செவத்தையாவின் தண்டனை அந்த நிமிஷமே ரத்தானது. பிறகு ராஜா கைவண்டியில் ஏறி லட்டுக்கூடையை மடியில் வைத்துக்கொண்டார். செவத்தையா நுகத்தடியைக் கைவண்டியில் கட்டிப் பூவராகரின் தோளில் மெதுவாக வைத்தார்.

நாலே எட்டு. மந்திரி புஸ்ஸென்று நின்றுவிட்டார். வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிடலாமா என்று செவத்தையா பின்னால் போனார்.

"அவசரப்படாதே செவத்தையா," என்றார் ராஜா. "முதலில் ஆறட்டும்."