வலிக்காத வார்த்தை

"டீச்சர், ஒரு ஆள் இனிமே இல்லைங்கிறதை இங்கிலீஷ்ல வலிக்காம எப்படிச் சொல்லணும்?"

கோமதிநாயகம் படியேறி வந்தவர் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஜெபக்கனி டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில், வெளிநாடு போகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகளோடு இந்தப் பெரிய மனுஷரும் ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்தவருக்கு வெட்கமாவது ஒன்றாவது! மெல்போர்னில் இருக்கிற பேத்தியோடு பேச வேண்டும், அவளுக்குத் தமிழ் வராது, அதனால் படிக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

"யாருக்கு என்ன அண்ணாச்சி?"

"என் மகனுக்கு."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மெல்போர்னில் கார் விபத்து. மகன் சண்முகராஜ் அந்த இடத்திலேயே போய்விட்டான். மருமகள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பள்ளிக்கூடம் போயிருந்த பேத்தி ஆதிரா மட்டும் தப்பித்தாள். இப்போது மகனுடைய சிநேகிதன் வீட்டில் இருக்கிறாள்.

"அந்தப் பையன்தான் போன்ல சொன்னான். பிள்ளை யாரையும் நம்ப மாட்டேங்குதாம். எல்லாரும் என்னமோ மறைக்கீங்க, தாத்தாகிட்ட கேக்கேன், தாத்தா சொல்வார்னு ஒத்தைக்கால்ல நிக்குதாம். இன்னைக்கு நான் பேசியாகணும். ஏழு வயசு டீச்சர். எனக்கு நல்ல வார்த்தையா ஒண்ணு வேணும்."

"உங்களுக்கு என்ன வார்த்தை தெரியும்?"

"எக்ஸ்பயர்ட். கூட வேலை பார்த்தவங்க போயிட்டா டிப்போ போர்டுல அப்படித்தான் எழுதுவோம்."

"அங்க அதை மாத்திரைக்கும் பால் பாக்கெட்டுக்கும் சொல்லித்தான் பிள்ளை கேட்டிருக்கும். அப்பாவுக்குச் சொன்னா அதுக்குப் புரியாது."

"நோ மோர்?"

"சாதம் போதும்னு சொல்றதுக்கு அது சொல்லும்."

"பாஸ்ட் அவே. அது மரியாதையா இருக்கே."

"எங்க போனார்னு கேக்கும்."

"தூங்குறார்னு சொல்லிரட்டுமா?"

"எப்ப எந்திரிப்பார்னு கேக்கும். அப்புறம் ராத்திரி தானே தூங்கப் பயப்படும்."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சொல்கிற ஒவ்வொன்றையும் இந்தப் பொண்ணு தட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் அவர் என்னதான் செய்வார்?

"அப்ப நீங்களே சொல்லுங்க! அவ்வளவு பெரிய பாஷை, இதுக்கு ஒரு வார்த்தை இல்லாமலா போச்சு?"

டீச்சர் எழுந்துபோய் போர்டில் எழுதினார். ஒரே வார்த்தை: Died.

டைட்.

கோமதிநாயகம் போர்டைக் கையால் காட்டினார். "இதையா? பச்சைப் பிள்ளைகிட்டயா? இது நாய் செத்தாச் சொல்ற வார்த்தை இல்லையா?"

"டாடி டைட். அப்படிச் சொன்னாத்தான் அதுக்கு விளங்கும். சொல்லிப் பாருங்க."

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். டாடி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே தென்காசி, கடையநல்லூர் என்று கூவிய வாய். இன்றைக்கு ஒரு சின்ன வார்த்தைக்கு அடைத்துக்கொண்டது. மறுபடி முயன்றார். "டைடு" என்று முணுமுணுத்தார்.

"கடைசியில உகரம் வருது அண்ணாச்சி."

"உச்சரிப்பு வர மாட்டேங்குது டீச்சர். நாக்கு தடிச்ச நாக்கு."

டீச்சர் போர்டைத் துணியால் துடைத்தார். பிறகு அவருக்கு நேரே வந்து உட்கார்ந்தார்.

"தமிழ்ல சொல்லுங்க."

"என்னத்த?"

"மகனுக்கு ஆனதை."

"காலமாயிட்டான்."

"அது போஸ்டர்ல போடுறது."

"தவறிட்டான்."

"அது ஊராருக்குச் சொல்றது."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"சரி, அதை விடுங்க. வீட்ல மகனோட அம்மா என்ன சொல்லி அழுதாங்க?"

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். டீச்சர் விடவில்லை.

"அண்ணாச்சி?"

"அவளுக்கு இன்னும் தெரியாது."

"செவ்வாய்க்கிழமை நடந்தது. இன்னைக்கு வெள்ளி."

"சின்ன அடி, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ தாங்க மாட்டா டீச்சர். பிள்ளைக்குச் சொல்லிட்டு வந்து, அப்புறமா மெதுவா..."

டீச்சர் அவருடைய பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நான் பாடம் கேக்கத்தானே வந்தேன்?"

"முதல்ல வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி."

பாவி மனுஷி, இப்படி விரட்டுகிறாளே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் இறங்கினார். வழியெல்லாம் திட்டினார். வீட்டு வாசலுக்கு வந்தபோது திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது.

மனைவி உலகம்மாள் அடுக்களையில் பச்சரிசி மாவில் வெல்லம் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நிறைய மாவு.

"வந்துட்டீங்களா? உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். கோமதியம்மனுக்கு இன்னைக்கும் மாவிளக்கு போடணும். நேத்துப் போட்டப்ப திரி நல்லா நின்னு எரிஞ்சுது, ராசு பிழைச்சுக்கிடுவான். நெய் வாங்கியாந்துருங்க."

"ஏளா, கையைக் கழுவு."

"எதுக்கு? இன்னும் பிசைஞ்சு முடியல."

அவர் அடுக்களைத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் அவளுடைய மாவுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உலகு. ராசு செத்துப்போயிட்டான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"நேத்து நான் அவன் பேரைச் சொல்லி விளக்கு ஏத்தினேனே. அப்ப?"

"அப்பவும் இல்ல."

"நீங்க பக்கத்துலதானே நின்னு கும்பிட்டீங்க?"

"ஆமா."

கையை உருவிக்கொண்டு முகத்தில் அறைந்துகொண்டாள். மாவும் கண்ணீருமாக வழிந்தது. பிறகு வந்த அழுகையைச் சொல்லி முடியாது. அக்கம்பக்கமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. அவர் நகரவில்லை. அவள் அவர் நெஞ்சில் அடித்தபோது அதையும் வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆதிராவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான்தான் சொல்லணும். ராத்திரிக்குள்ள எப்படியாவது..."

"எனக்குச் செஞ்சதை அந்தப் பிள்ளைக்கும் செஞ்சிராதீங்க" என்றாள் உலகம்மாள். "போனைப் போடுங்க."