மில்காரர் கேட்ட மயில்

நூல்மில்லில் கூட்டிப் பெருக்குகிறவள் துளசிமணி. ஊர்க்குளத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன பழைய இரும்பைப் பொறுக்கி, முருகன்மேல் பாரத்தைப் போட்டு ஒரு மயில் செய்தாள். உடம்புக்குள் பல்சக்கரம், கழுத்துக்கு நூல் சுற்றும் பாபின், தோகைக்குக் குடைக்கம்பி. கைப்பிடியைச் சுற்றினால் தோகையை விரித்துத் தலையைத் தலையை ஆட்டும். தைப்பூசத்தன்று அதைக் கோயில் வாசலில் வைத்தாள். சனம் சாமி கும்பிடக்கூட மறந்து வாயைப் பிளந்து நின்றது.

மில் முதலாளி சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

“இது என் மில்லுச் சாமான். மயிலை என் பங்களாவுல கொண்டாந்து வை. இல்லேன்னா திருட்டுக் கேசு, வேலையும் போயிரும்!”

துளசிமணி பதறவில்லை. “உங்களுதுதானுங்களா மொதலாளி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“என்னத்தப் பாக்கறது? சக்கரம் என்னுது, பாபின் என்னுது. ஒரு ஆணிகூட வெளியாளுது இல்ல!”

“சரிங்க. ஊர்ச்சனமே, கேட்டுக்கங்க! இத்தனையும் நம்ம குளத்துல பொறுக்குனது. கொட்டுனது யாருன்னு ஒரு வருசமாத் தேடறோம், மொதலாளியே சொல்லிப்போட்டாருங்க. இன்னும் நாலு லாரிச் சாமான் அங்க கெடக்குது. அதையும் பங்களாவுக்கே கொண்டாந்தரட்டுங்களா?”

சனம் கொல்லென்று சிரித்தது. முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது.

“அய்யோ, மயிலு என்னுதில்லம்மா!”

“மயிலு வேண்டாம்னா விடுங்க. குளத்தைச் சுத்தம் பண்ணிக் குடுங்க” என்று சனமே மறித்துக்கொண்டது.

மறுநாள் காலையிலேயே மில் லாரி குளத்தங்கரைக்கு வந்துவிட்டது. துளசிமணி தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்ட பிறகுதான் மிச்சத்தை ஏற்ற விட்டாள். அடுத்து ஒரு யானை செய்தாள்.

அதை யாரும் தன்னுது என்று கேட்கவில்லை.