வெள்ளத்தாயி, வயது எழுபத்தெட்டு

"கையெழுத்து இன்னைக்கே வேணும் அம்மா," என்றார் தங்கமாரியப்பன். "அடுத்த மாசம் ரிடையர் ஆகிறேன். அதுக்குள்ள ஆய்வேட்டைக் கொடுத்தாத்தான் உண்டு."

பள்ளிக்கூடத் தமிழாசிரியர். ஒப்பாரிப் பாட்டில் ஏழு வருஷ ஆராய்ச்சி. பேருக்கு முன்னால் 'முனைவர்' போடாமல் வீட்டில் உட்காரமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், பாவம்.

நெறியாளர் அமலோற்பவம் அவரைவிட மூன்று வயது இளையவர். ஆய்வேட்டின் கடைசியில் தகவலாளர் பட்டியலைத் திறந்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

'வெள்ளத்தாயி, வயது 78, முள்ளிவயல். நேரில் கண்டு கேட்டது.'

"இந்தம்மாவுக்குப் பல்லு இருக்கா?"

தங்கமாரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டையும் பேரையும் பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து அப்படியே இறக்கியிருந்தார். அது பதினைந்து வருஷம் பழசு. அதிலும் கிழவிக்கு எழுபத்தெட்டுதான். ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதானே!

"பாத்துட்டு வாங்க. போடுறேன்."

மறுநாள் உச்சி வெயிலில் முள்ளிவயலில் இறங்கினார். பேரைச் சொன்னதும் ஒரு பெண் முன்னே நடந்தாள். கண்மாய்க்கரையில் நின்றாள்.

ஒரு கல். அதற்குச் சிவப்புச் சேலை. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது.

"எப்பம்மா செத்தாங்க?"

"சாகுறதா? அப்படி ஒருத்தி இந்த ஊர்ல பொறக்கவே இல்ல சார். படிச்சவுக வருஷா வருஷம் வந்து கேட்டாக. இத்தன பேரு தேடுறாகன்னா இருந்திருப்பா, நாமதான் மறந்துட்டோம், தெய்வக் குத்தமாயிரும்னு கல்லை நட்டோம்."

"அந்தப் பாட்டு?"

அவள் பாடினாள். ஏட்டில் இருந்தபடியே. ஒரு சொல் பிசகவில்லை.

"இதை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அவதான்."

தங்கமாரியப்பன் விறுவிறுவென்று நடந்தார். கழற்றிப் போட்ட செருப்பைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினார்.

மறுநாள் நெறியாளரிடம் கல்லையும் பாட்டையும் சொல்லி, அவர் முன்னால் அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார்.

"பொய் அம்மா. அந்த இயலே வேண்டாம். பட்டம் போனாலும் போகட்டும்."

அமலோற்பவம் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பேரை முதல்ல எழுதின பாவி யாரும்மா?"

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் ஆய்வேட்டை எடுத்து வைத்தார். முப்பது வருஷத்துக்கு முந்தியது. அட்டையில் அமலோற்பவம் என்று இருந்தது. அவரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

'வெள்ளத்தாயி, வயது 78, முள்ளிவயல். நேரில் கண்டு கேட்டது.'

தங்கமாரியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அமலோற்பவம் ஏட்டை மூடினார்.

"வெள்ளத்தாயி முகம் எப்படி இருந்துச்சு ஐயா? நான் பாத்ததே இல்ல."