தங்காயி இடம் மாற்றிய கொட்டைகள்

ஒரு புளியங்காட்டில் தங்காயி என்று ஓர் அணில் இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், பவளி. மகள் என்றால் தங்காயிக்கு உயிர்.

அந்தக் காட்டு அணில்களுக்கு இரண்டு பள்ளிகள். கீழ்க்கிளைப் பள்ளியில் ஓடவும் தாவவும் கொறிக்கவும் கற்றுத் தருவார்கள். வால் புசுபுசுவென்று ஆனதும் மேல்கிளைப் பள்ளி. அங்கே ஒளிப்புப் பாடம். பத்துப் புளியங்கொட்டைகளைப் பத்து இடங்களில் புதைத்து வைத்து, தேர்வன்று தேடி எடுக்க வேண்டும். ஆறு கொட்டைகூடக் கிடைக்காவிட்டால் மறுபடியும் கீழ்க்கிளைதான், பொடிசுகளோடு!

மேல்கிளைக்குப் போனதிலிருந்து பவளி வீட்டில் வாயே திறப்பதில்லை.

"இன்னைக்கு என்ன பாடம், கண்ணு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பள்ளிக்கூடம்?"

"அம்மா! உனக்குச் சொன்னாப் புரியாது!"

சுருக்கென்றது தங்காயிக்கு. ஆனால் மகள் சொன்னது பொய்யில்லை. தங்காயி காலத்தில் மேல்கிளைப் பள்ளியே கிடையாது. கிடைத்ததை அன்றன்றே தின்றுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் அவர்கள்.

போதாததற்குப் பக்கத்துக் கிளை மைனா வேறு, "என் பையன் இப்பவே ரெண்டு பாஷை பேசுறான். உன் பொண்ணு எப்படி?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்காயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் மகளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். பவளி ஒரு கரையான் புற்றின் ஓரத்தில் கொட்டையைப் புதைத்து, இரண்டு சருகைப் போட்டு மூடிவிட்டுப் போனாள்.

"ஐயையோ! மயில் ரெண்டு கீறு கீறினாப் போச்சே!"

தங்காயி அதைத் தோண்டி எடுத்தாள். நல்ல ஆழமான வேர்ப்பொந்தாகப் பார்த்து வைத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. பத்தாம் நாள் பத்தாவது கொட்டையையும் இடம் மாற்றிவிட்டு, 'இனி என் மகளை அடிச்சுக்க ஆளே இல்லை' என்று வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

தேர்வு நாளும் வந்தது. மரங்கொத்தி வாத்தியார் 'டொக் டொக்' என்று மணி அடித்தார். பவளி நேராகப் புற்றுக்கு ஓடினாள். தோண்டினாள். ஒன்றுமில்லை. வெள்ளைப் பாறைக்கு ஓடினாள். அங்கேயும் இல்லை. முள் வேலியோரத்திலும் இல்லை! நான்காவது இடத்தில் தோண்டாமலேயே உட்கார்ந்துவிட்டாள். வால் தரையில் கிடந்தது.

மேலே கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்காயிக்குப் பொறுக்கவில்லை.

"அங்க இல்லடி! வேர்ப்பொந்துல பாரு!" என்று கத்திவிட்டாள்.

வாத்தியார் தலையைத் திருப்பினார். "தங்காயிம்மா, இங்க தேர்வு யாருக்கு?"

தங்காயி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"சரி, நீங்களே எடுத்துக் குடுங்க. பார்ப்போம்!"

தங்காயி காடு முழுக்க ஓடினாள். அகப்பட்டது மூன்று. மீதி ஏழு எங்கே? அவளுக்கே தெரியவில்லை!

வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடுத்த தேர்வு ஒரு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் பவளி மேல்கிளையிலேயே இருக்கட்டும். உங்களைத்தான் எந்தக் கிளையில உக்கார வைக்கிறதுன்னு தெரியல!"

வீட்டுக்கு வந்த பவளி சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"நான் நல்லாத்தாம்மா ஒளிச்சு வச்சேன். உனக்கு என் மேல நம்பிக்கையே இல்லையா?"

தங்காயிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தப்புதான் கண்ணு. நீ சொன்ன மாதிரி இந்தப் பாடம் எனக்குத் தெரியாது. நீயே எனக்குச் சொல்லிக் குடேன்!"

பவளி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவா?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேப்பம்பழத்தைக் கொறித்துக்கொண்டே தாயும் மகளும் பேசினார்கள்.

"புத்துக்கு மேற்கால மூணு தாவு தாவினா ஒரு கள்ளிச்செடி வரும்மா. அதுக்கடியில."

"மூணு தாவுன்னா உன் தாவா, என் தாவா?"

பவளி விழுந்து விழுந்து சிரித்தாள். "என் தாவுதான்!"

"சரி. மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்காதா?"

பவளி யோசித்தாள். மறுநாள் காலையில் தானே போய் வேறு இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். தங்காயி கூடப் போகவில்லை. போகாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்!

இரண்டாவது தேர்வில் பவளி ஒன்பது கொட்டைகளை எடுத்தாள். பத்தாவது கிடைக்கவில்லை. தங்காயி கிளையில் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆண்டு மழைக்குக் காட்டில் ஏழு இடங்களில் புளியங்கன்றுகள் முளைத்தன. எல்லாம் நல்ல ஆழமான வேர்ப்பொந்துகள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பவளி தாயின் தோளில் இடித்து, "அம்மா, இதோ நீ கோட்டை விட்ட பாடம்!" என்பாள். தங்காயியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

பிள்ளையின் பாடத்தை நாமே செய்து கொடுப்பது உதவியல்ல. பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதே உதவி.