சாரத்தின் விலை

நடந்தது ஒரு சாவு. அதைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மூவரும் சொன்னதில் பொய் இல்லை. முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

திண்டிவனத்துக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றைக் கலியமூர்த்தி வாங்கியிருந்தார். அரசுப் பேருந்தில் நடத்துநர் வேலை. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மழைக்காலத்துக்குள் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். வங்கிக் கடனையும் மனைவி மரகதத்தின் நகையையும் சேர்த்துப் பார்த்தும், பொறியாளர் சுகந்தன் போட்டுக் கொடுத்த மதிப்பீட்டை எட்டவில்லை.

கலியமூர்த்தியும் சுகந்தனும் உட்கார்ந்து குறைக்க ஆரம்பித்தார்கள். தேக்குக் கதவு வேம்பாயிற்று. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்போதும் பணம் இடித்தது. 'தற்காலிக ஏற்பாடுகள், அறுபதாயிரம்' என்ற வரியில் கலியமூர்த்தியின் விரல் நின்றது.

"இது என்னா சார்?"

"வேலை நடக்கும்போது தேவைப்படுறது. சாரம், அது இதுன்னு."

"வீடு முடிஞ்சப்புறம் இருக்குமா?"

"இருக்காது. கழட்டிடுவாங்க."

"இல்லாமப் போறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு? எடுத்துடலாமா?"

அடுத்த மனைக்காரர் வாசலில் காத்திருந்தார். சுகந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க இஷ்டம். மேஸ்திரி பாத்துக்குவார்" என்று சொல்லி அந்த வரியை அடித்தார். ஏறி நின்று வேலை செய்ய இரும்புக் குழாய்ச் சாரம், உயரத்தில் நிற்பவர்கள் விழாமலிருக்கத் தடுப்பு, இடுப்புப் பட்டை, விபத்துக் காப்பீடு எல்லாம் அந்த வரிக்குள்தான் இருந்தன. அதை அவர் சொல்லவில்லை. கலியமூர்த்தியும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மேஸ்திரி கோதண்டம் கணக்கைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "சார், சாரத்துக்குன்னு ஒண்ணுமே போடலியே?"

"அது உன் பொறுப்புன்னு இன்ஜினியர் சொன்னாரு. கட்டுப்படியாகலன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன்."

கோதண்டத்துக்கு அப்போது கையில் வேறு வேலை இல்லை. அவரை நம்பிக் கொத்தனார்களும் சித்தாள்களுமாகச் சில குடும்பங்கள் இருந்தன. மறுபேச்சுப் பேசாமல், சாரம் கட்டத் தன்னிடம் கிடந்த பழைய சவுக்குக் கம்புகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

வெளிப்பூச்சு நடந்தபோது, நிற்கும் பலகையைத் தாங்கிய அந்தக் கம்புகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. கோதண்டம் அதை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கலவைச் சட்டியோடு ஏற வந்த சித்தாள் அஞ்சலாட்சியிடம், "பலகையில நடுவுல மிதிக்காதம்மா, ஓரமாவே போ" என்றார்.

"நடுவுல மிதிக்காம கலவைய எப்பிடிண்ணே எட்டிக் குடுக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே அவள் ஏறினாள்.

கம்பு முறிந்தது. பலகையோடு வந்து, கீழே அடுக்கியிருந்த செங்கல் மேல் விழுந்தாள். மருத்துவமனை வாசலை அடையும் முன்பே உயிர் போய்விட்டது. யாரோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது, சட்டியில் மிஞ்சிய கலவை கல்லாக இறுகிப்போயிருந்தது.

காரியம் முடிந்ததும் அவள் கணவன் மாயவன் பூச்சு முடியாத அந்த வீட்டுக்கு வந்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். கலியமூர்த்தி, சுகந்தன், கோதண்டம் மூவரும் அங்கே இருந்தார்கள். தரை போட வைத்திருந்த பணத்தைக் கலியமூர்த்தி எடுத்து நீட்டினார். மாயவன் கை நீட்டவில்லை.

"பணத்த அப்புறம் பேசலாங்க. அம்மாவ யாரு சாகடிச்சதுன்னு பொண்ணு கேக்குது. ஒரு பேரச் சொல்லுங்க. போயி சொல்லணும்."

சுகந்தன், "நான் மதிப்பீட்டுல போட்டிருந்தேன். இவர்தான் எடுக்கச் சொன்னார்" என்றார்.

"அது இல்லன்னா ஆள் செத்துப்போவும்னு யாரும் எனக்குச் சொல்லலியே!" கலியமூர்த்தி மாயவனைப் பார்த்துச் சொன்னார். "தெரிஞ்சிருந்தா ஒரு ரூமக் கொறச்சிருப்பேனே."

கோதண்டம் தரையைப் பார்த்தபடி பேசினார். "நான் மாட்டேன்னா வேற மேஸ்திரி இதே மாதிரி கம்போட வந்திருப்பான். எங்காளுங்களுக்கு அடுப்பு எரியணும். அதான் வாய மூடிக்கிட்டேன்."

மாயவன் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாயவன் தன் மகளிடம் போய்ச் சொல்ல வேண்டிய முதல் பெயர் யாருடையது?

விடை: மூவருமே குற்றவாளிகள். ஆனாலும் முதல் பெயர் சுகந்தனுடையது. கலியமூர்த்தி பணமுடையில் இருந்தார். எதை வெட்டுகிறோம் என்று அறியாமல் வெட்டினார். கோதண்டம் அறிந்திருந்தார், பிழைப்புப் போய்விடும் என்ற பயம் அவர் வாயை அடைத்தது. சுகந்தனுக்கு அறியாமையும் இல்லை, பயமும் இல்லை. நேராகக் கேட்ட கேள்விக்கு இன்னும் இரண்டு வாக்கியம் பதில் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு காசும் குறைந்திருக்காது. காவல் நிலையத்திலோ இந்த மூன்று பெயரில் ஒன்றுகூட ஏறவில்லை. 'கவனக்குறைவாக நடந்ததால் தவறி விழுந்து இறந்தார்' என்று எழுதி, குற்றத்தை அஞ்சலாட்சியின் மேலேயே போட்டு முடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மாயவன் அதன் அடியில் கைநாட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.