வேண்டாம் என்ற பெருச்சாளி

ஒரு தோப்பில் தொப்பையன் என்றொரு பெருச்சாளி இருந்தான். மழை பொய்த்துத் தோப்பு காய்ந்துபோனதும், பிழைப்புத் தேடி மலைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே முள்ளம்பன்றி அக்கா ஒருத்தி தன் வளையில் ஓரமாக இடம் கொடுத்தாள். நல்லவள்தான். பேச்சுதான் மொட்டையாக இருக்கும்.

காலையில் இரை தேடக் கிளம்பும்போது "போறேன்" என்றாள். தொப்பையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் ஊரில் சாகப்போகிறவன்கூட "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வான்! அக்கா திரும்பி வரும்வரை வளை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

அக்கா கிழங்கோடு வந்தாள். "சாப்பிடுறியா?" என்று கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம்க்கா. இப்பத்தான் சாப்பிட்டேன்."

வயிறோ காலி. ஆனால் தோப்பில் அதுதான் மரியாதை. விருந்தாளி வேண்டாம் என்பான். வீட்டுக்காரி விடமாட்டாள். இவன் மறுபடியும் வேண்டாம் என்பான். அவள் கோபித்துக்கொண்டு இலையில் கொட்டுவாள். உங்களுக்காகச் சாப்பிடுகிறேன் என்று அலுத்துக்கொண்டே இவன் முழுசையும் முழுங்குவான்.

அக்காவோ "சரி" என்று சொல்லிவிட்டு, ஒற்றை ஆளாக மொத்தத்தையும் தின்று ஏப்பம் விட்டாள்.

மறுநாளும் இதே கூத்து. தானே தோண்டித் தின்னலாம் என்றால், அந்தக் காட்டில் எது நல்ல கிழங்கு, எது விஷக் கிழங்கு என்று தெரியாது. வாய்விட்டுக் கேட்கவோ வெட்கம். கல்நெஞ்சக்காரி, கஞ்சப்பிசினாறி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இளைத்தான். அக்காவோ, காற்றைக் குடித்தே வாழும் சாமியார் என் வளையில் தங்கியிருக்கிறார் என்று காடெல்லாம் பெருமையடித்தாள். முயல்கள் வந்து காலில் விழுந்துவிட்டுப் போயின.

ஒருநாள் பசி மயக்கத்தில் நடந்தவன் சேற்றுக் குழியில் விழுந்தான். கழுத்துவரை புதைந்துவிட்டான். நல்லவேளை, அக்கா அந்தப் பக்கம் வந்தாள்.

"தூக்கி விடட்டுமா?"

"பரவாயில்லைக்கா, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" பாழாய்ப்போன வாய், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

"சரி, போறேன்" என்று அக்கா திரும்பினாள்.

சேறு மோவாயைத் தொட்டது. இவள் போகிறேன் என்றால் நிஜமாகவே போய்விடுவாள் என்பது தொப்பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. மானம் மரியாதையெல்லாம் காற்றில் பறந்தது.

"போகாதீங்கக்கா! தூக்கி விடுங்க! எனக்குக் கிழங்கும் வேணும்! வந்த நாளிலேர்ந்து பட்டினி!"

அக்கா ஒரு கொடியை இழுத்துப் போட்டு அவனை வெளியே எடுத்தாள். வளைக்குக் கூட்டிப்போய்க் கிழங்கை முன்னால் வைத்தாள். அவன் தின்ற வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீ சாமியார் இல்லையா?"

"இல்லைக்கா."

"அட மடையா, முதல் நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? முயலுங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "இன்னும் ஒண்ணு வேணுமா?" என்றாள்.

"வேணும்" என்றான் தொப்பையன்.

போய்ச் சேர்ந்த ஊரின் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நம் ஊர் மரியாதையைக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்கு, எத்தனை நல்லவர்கள் பக்கத்தில் இருந்தாலும் பட்டினிதான் மிஞ்சும்.