ஏழாம் நம்பர் மண்டபம்

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் மூன்று புரோகிராமர்கள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஆறு மானிட்டர். மூளை எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. குறை சொல்லவில்லை, நம் தொழில்காரர்களின் லட்சணமே அதுதான்.

அவர்களுக்குத் தலைவன் தண்டபாணி. வயது முப்பத்தாறு. பதினொரு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டும் ஒன்றும் அமையாமல், பன்னிரண்டாவது வீட்டில்தான் சரி என்றார்கள். பெண் கோகிலவாணி வேறொரு கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை. ஆவணி இருபத்தொன்றாம் தேதி முகூர்த்தம். அதை விட்டால் இரண்டு வருடத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று ஜோசியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கல்யாண மண்டபத்துக்காரர் நாச்சிமுத்து முன்பதிவுக்கு ஒரு புரோகிராம் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. தேடி வர்ற பார்ட்டி ஒருத்தரையும் எடமில்லைன்னு திருப்பி அனுப்பப்படாது, ஆமா."

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"ஒரே நாளுக்கு ரெண்டு பார்ட்டி வந்தா?" என்றான் ஜெபராஜ்.

"திருப்பி அனுப்பக்கூடாதுன்னுட்டாரே" என்றாள் சுகந்தி. "இன்னொரு மண்டபம்தான் வேணும்."

தண்டபாணி சிரித்தான். "நாம எழுதுறது சி ஷார்ப் பாஷையில. மண்டபம்னா எப்படி இருக்கணும்னு அச்சு மாதிரி ஒரு கிளாஸ் எழுதியாச்சு. 'நியூ'ன்னு போட்டா அதே மாதிரி இன்னொண்ணு வந்து நிக்கப்போகுது. விசேஷம் முடிஞ்சு யாரும் சீண்டலைன்னா புரோகிராமை ஓட்டுற ரன்டைமே அள்ளி எறிஞ்சிரும். கூட்டிப் பெருக்கக்கூட ஆள் வேண்டாம்."

இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ஊரில் கொத்தனார் எதற்கு என்று மூவருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

தண்டபாணி தன் கல்யாணத்தையும் அதிலேயே பதிந்தான். 'மண்டபம் எண் 7' என்று பச்சையில் வந்தது. பெருமையோடு பத்திரிகையிலும் அப்படியே போட்டான்.

முகூர்த்த நாள் காலையில் மண்டப வாசலில் ஏழு மாப்பிள்ளைகள், ஏழு நாதஸ்வரம்.

"ஏனுங் தம்பி, ஏழாவது மண்டபம் எங்க இருக்குது?" என்றார் நாச்சிமுத்து.

"மெமரியிலங்க."

நாச்சிமுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முதல் பார்ட்டி மண்டபத்துக்குள் போனது. மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடம், கார் ஷெட், எதிர் மைதானம் என்று கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கெல்லாம் புரோகிராம் எழுதத் தெரியாது.

தண்டபாணியும் ஓர் இடத்தைப் பிடித்திருக்கலாம். ஆனாலும் பத்திரிகையில் போட்டதை மீறலாமா? வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, அதன்மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். திரையில் மண்டபம் எண் 7. அதன் முன்னால் மணவறை போட்டு, ஹோமம் வளர்த்து, ஐயரும் மந்திரத்தை முடித்துவிட்டார்.

"கெட்டிமேளம்!"

தண்டபாணி தாலியை எடுத்தான். பேட்டரி தீர்ந்து திரை இருண்டது.

"மண்டபம் போச்சு" என்றான் ஜெபராஜ்.

"மண்டபம் இல்லாம எப்படித் தாலி கட்டுறது?" என்றாள் சுகந்தி.

நியாயம்தானே! தண்டபாணி தாலியைத் தட்டில் வைத்தான். முகூர்த்தம் முடியப் பத்தே நிமிடம். முப்பத்தாறு வருடம் காத்தது பாழாகிறதே என்று கண் கலங்கிவிட்டது.

கோகிலவாணி தோழியிடமிருந்து தன் கைப்பையை வாங்கி, உள்ளேயிருந்து சார்ஜரை எடுத்து நீட்டினாள். பந்தல் ஒயரில் மாட்டியதும் லேப்டாப் உயிர்பெற்று, மண்டபம் எண் 7 பச்சையாக வந்தது. தண்டபாணி தெய்வத்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி தாலியைத் தூக்கினான்.

"பொறுங்க" என்றாள் கோகிலவாணி. "ரீஸ்டார்ட் ஆயிருக்கு. நடுவுல இருந்து தொடங்கினா டெஸ்ட் செல்லாது. எல்லாத்தையும் முதல்ல இருந்து ஓட்டணும்."

மூன்று புரோகிராமர்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். முறை என்றால் முறைதான்.

ஐயர் வாயைப் பிளந்து நிற்க, அவள் எழுந்து பந்திப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் பஜ்ஜித் தட்டோடு தலைகுனிந்து வந்து நின்றாள். தண்டபாணி ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"பொண்ணு புடிச்சிருக்குதுங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமனார், பெண் பார்த்த அன்றைக்குக் கேட்டதுபோலவே.

தண்டபாணியும் அன்றைக்குச் சொன்னதையே எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

"ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்ங்க."